கையைக் கட்டிக்கொண்டு கடித்த மரம்

பட்டைக்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் அவருடைய வாசம் நுழைந்துவிடும். மசாலா மில்லில் லவங்கப்பட்டை அரைக்கிற இயந்திரம் அவர் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பு அந்த இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றவர்; மகளுக்குக் கல்யாணமாகி, அவள் வயிற்றில் ஒன்று தங்கிய பிறகும் அங்கேயேதான் நிற்கிறார். மூட்டையைப் பிரித்துப் பட்டையைக் கையால் அள்ளி இயந்திரத்தின் வாயில் போட வேண்டும். அடியில் கொட்டுகிற தூளை விரலுக்கிடையில் தேய்த்துப் பதம் பார்க்க வேண்டும். அந்தத் தூள் நகக்கண்ணில் ஏறி, ரேகையில் ஏறி, கடைசியில் தோலுக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்புதான் மணக்கும், கை மாறாது.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைத் தூக்கி, "யாரோ நல்லா சமைச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க" என்பார்கள். பட்டைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மனைவிதான் அலுத்துக்கொள்வாள். "மல்லிச் செடியில தண்ணி ஊத்திட்டு வாங்கன்னா, செடியே பட்டையா மணக்குது. ஒரு நாள் உங்களையும் சேத்து அரைச்சுப் பாக்கெட் போட்டுடப் போறாங்க, பாத்துக்குங்க."

மில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் துணி காயப்போடும் கொடி. கொடியைத் தாண்டினால் காடு ஏறத் தொடங்கும். முன்னறைச் சுவரில் ஒரே ஒரு படம்தான். கறுப்பு அங்கி போட்டுக் கையில் பட்டச் சுருளோடு மகள் நிற்கும் படம். அந்த வீட்டில், அதற்கு முன்னால் இருந்த எந்த வீட்டிலும், அப்படி ஒரு படம் தொங்கியதில்லை. வாரம் ஒரு முறை பட்டைக்காரர் அதைத் துடைப்பார். கையால் இல்லை, துணியால். கண்ணாடியில் தூள் ஒட்டிவிடும் என்ற பயம்.

அந்த மகள் இப்போது வாடிப்போய்க் கிடந்தாள். தூர ஊரில் கட்டட வேலை செய்கிற மருமகன், அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதிலிருந்து வாந்திதான். சோறு வாந்தி, கஞ்சி வாந்தி, தண்ணீர்கூட வாந்தி. வயிறு வளர வேண்டிய நாளில் கன்னம் ஒட்டியது. "எதுன்னாலும் கசக்குதும்மா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். அம்மாவுக்கும் அப்போது காய்ச்சல் வந்திருந்தது. அவளுக்கும் வாயெல்லாம் கசப்பு. வீட்டில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் உமிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் பட்டைக்காரர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகள் எழுந்து வந்து அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"இந்த வாசம் மட்டும்தான்ப்பா குமட்டல. இந்த வாசத்துல சோறு இருந்தா சாப்பிட்டுடுவேன்."

பெற்ற மனசு கேட்குமா? ஆனால் ஊருக்கெல்லாம் பட்டை அரைத்துக் கொடுக்கிறவர் வீட்டில் ஒரு துண்டுப் பட்டை கிடையாது. மில் வாசலில் காவலாளி தினமும் பையைத் தடவி, இடுப்பைத் தடவி, டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவான். ஒரு குச்சி அகப்பட்டாலும் வேலை போய்விடும். கடையில் வாங்கலாம்தான். கடைக்குப் போகிற பட்டை எந்த மூட்டையிலிருந்து போகிறது என்று தெரிந்தவர் அவர். "மக்கிப்போன குப்பை. அதையா என் பொண்ணுக்குக் குடுப்பேன்?" என்றார்.

அவர் மனசில் ஒரு மரம் இருந்தது. கொடிக்குப் பின்னால், காடு தொடங்குகிற இடத்தில், யாரும் நடாமல் தானாக வளர்ந்த மரம். காட்டுப் பட்டை மரத்தின் அடையாளம் மூட்டை இறக்க வருகிறவர்கள் சொல்லி அவருக்குத் தெரியும். இலையில் காம்பிலிருந்து நுனிக்கு மூன்று நரம்பு ஓடும். தளிர் சிவப்பாக இருக்கும். கசக்கினால் மணக்கும். அவர் போய்ப் பார்த்தார். மூன்று நரம்பு ஓடியது. தளிர் அப்போது இல்லை. ஆனால் சிவந்த இலை ஒன்று இருந்தது, அது தளிரா பழுப்பா என்று அவர் அலட்டிக்கொள்ளவில்லை. இலையைக் கசக்கி மூக்கில் வைத்தார். கும்மென்று பட்டை வாசம்! அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் சோறு போட்ட சரக்கு, வீட்டுக் கொல்லையிலேயே வந்து முளைத்திருக்கிறது என்றால் சும்மாவா?

விடிகாலையில் கிளைப் பட்டையைச் சீவி எடுத்து, அடுப்பில் வாட்டி, உரலில் இடித்துத் தூளாக்கி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். மனைவி அந்தக் கையை மோந்து பார்த்துத் தலையாட்டினாள். நெய்யில் பொரித்துச் சோற்றைக் கிளறினாள்.

மகள் தட்டைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "நிச்சயமாத் தெரியுமாப்பா? காட்டு மரம். வாசத்தை மட்டும் வெச்சு..."

"அட, இத்தனை வருஷமா அதுக்குள்ளேயே கிடக்கேன். என்கிட்டயே கேள்வியா? படிச்ச புள்ளைன்னா அப்பனையே பரீட்சை எழுதச் சொல்லுவியா?"

அவள் சிரித்தாள். அவர் ஊட்டினார். ஒரு வாய், இன்னொரு வாய். குமட்டவில்லை. தட்டு காலியானது. படத்தில் அங்கி போட்டுச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு மறுபடி முகத்தில் வந்து உட்கார்ந்தது. பட்டைக்காரர் கால் தரையில் பாவாமல் மில்லுக்குப் போனார். தான் சாப்பிட மறந்துவிட்டார்.

*

மில்லில் அவருக்குப் பக்கத்தில் வேலை சல்லடை அக்காவுக்கு. அரைத்த தூளைச் சலிப்பதும், மூட்டை வந்தால் கலப்படம் பொறுக்குவதும் அவள் வேலை. வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. அன்றைக்குக் காட்டுப் பட்டை மூட்டை வந்திருந்ததால் அவள் திட்டிக்கொண்டிருந்தாள். "இந்தக் காட்டுச் சனியன்ல கொஞ்சம் ஈரம் பட்டாப் போதும், பிசின் மாதிரி சல்லடையை அடைச்சுக்குது. சுரண்டிச் சுரண்டி என் நகமே போச்சு."

"திட்டாதக்கா" என்றார் பட்டைக்காரர். "அந்தக் காட்டுச் சனியன்தான் இன்னைக்கு என் பொண்ணு வயித்துக்குள்ள சோத்த அனுப்புச்சு." மரம் கண்டுபிடித்த கதை முழுவதையும் சொன்னார். மூன்று நரம்பை விரலால் காற்றில் வரைந்து காட்டினார்.

அக்கா சல்லடையை நிறுத்தினாள். அவள் சல்லடையை நிறுத்தி அவர் பார்த்ததில்லை.

"மூணு நரம்பு எட்டி மரத்துக்கும் ஓடும்ணே."

"எட்டியா?"

"எட்டி பழுத்தென்னன்னு சொல்லுவாங்களே, அந்த எட்டிதான். பட்டைகூடப் பார்க்க இப்படியேதான் இருக்கும். மூட்டையில கலந்து வரும், பொறுக்கி எறிஞ்சிருக்கேன். அது கொட்டைய வெச்சுத்தான் அந்தக் காலத்துல எலிக்கு மருந்து வெச்சாங்க."

"அதான் கசக்கி மோந்து பார்த்தேனே. கும்முன்னு இருந்துச்சு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஏண்ணே, நேத்து நீங்க உரிச்சுக் குடுத்த வாழைப்பழமே எனக்குப் பட்டை வாசம்தான் அடிச்சுது. டீ கிளாஸ நீங்க தொட்டாக் கழுவிட்டுத்தான் நான் குடிப்பேன். உங்க கையால கசக்கினா எந்த இலைதான்ணே மணக்காது?"

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டைக்காரருக்கு அதன் சத்தம் கேட்கவில்லை.

வெளியே வந்தார். மில் சுற்றுச்சுவர் ஓரம் ஏதோ ஒரு காட்டுச்செடி. ஒரு இலையைப் பறித்துக் கசக்கி மூக்கில் வைத்தார். பட்டை. அதை எறிந்துவிட்டு வேப்பிலையைக் கிள்ளினார். கசக்கினார். பட்டை. வாசலில் நின்ற லாரியின் சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லைப் பிய்த்தார். பட்டை. கீழே கிடந்த காகிதத்தைக் கசக்கி மோந்தார். அதுவும் பட்டை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பட்டைக்காரரின் மூக்குக்கு அந்த நிமிஷம் உலகமே பட்டையாக இருந்தது. காட்டில் அவர் கசக்கி மோந்தது மரத்தை இல்லை. தன் கையை.

உள்ளே ஓடினார். "அக்கா, தின்னா என்ன செய்யும்?"

அவள் சொல்லத் தயங்கினாள். அவர் அவள் தோளையே பிடித்துவிட்டார். "சொல்லுக்கா!"

"தாடை இறுகிடும்பாங்கண்ணே. பல்லு பூட்டிக்கும், வாயத் தெறக்க முடியாது. காலு வெட்டி வெட்டி இழுக்கும். சின்னச் சத்தம் கேட்டாக்கூட ஒடம்பு துள்ளும். நீங்க போங்க. மெஷின நான் பாத்துக்கறேன், போங்க!"

காவலாளி வழக்கம்போல் இடுப்பைத் தடவ வந்தான். பட்டைக்காரர் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு ஓடினார். தள்ளியதில் கீழே விழுந்த தொப்பியை எடுத்துக்கொண்டு, "யோவ், பட்டை, என்னய்யா ஆச்சு?" என்று அவன் கத்தியது தெரு முனை வரை கேட்டது.

பஸ்ஸில் மனைவியின் செல்லுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மகள் செல் அணைந்திருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் மூக்கைத் தூக்கி, "ஆஹா, எங்கேருந்தோ..." என்று தொடங்கினார். பட்டைக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அந்தக் கைகளை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது. அந்தக் கையால்தானே ஊட்டினேன். கேட்டாளே, நிச்சயமாத் தெரியுமாப்பா என்று கேட்டாளே. பரீட்சை எழுதச் சொல்லுவியா என்று கேலி பேசினேனே.

வரிசை வீடுகளின் முனையில் இறங்கி ஓடியபடியே மறுபடி அடித்தார். இந்த முறை மணிச் சத்தம் கேட்டது. செல்லில் இல்லை. எதிரே, பூட்டிய தன் வீட்டுக்குள்ளிருந்து.

பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே செல் அடித்து அடித்து ஓய்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாய் கசங்கிக் கிடந்தது. சொம்பு உருண்டு தண்ணீர் தரையில் பரவியிருந்தது. சுவரில் மட்டும் மகள் அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். "இப்பத்தாண்ணே ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. காலு ரெண்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கிச்சு பொண்ணுக்கு. என்னம்மா செய்துன்னு கேட்டேன், வாயே தெறக்கல. பல்ல இறுக்கிக் கடிச்சுக்கிட்டே ஏறுச்சு."

அக்கா சொன்ன ஒவ்வொன்றையும் இந்த அம்மா வரிசையாகத் திருப்பிச் சொல்கிறாளே!

*

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் மகளின் செருப்பு. அவரைப் பார்த்ததும் எழுந்தாள். "நீங்க எப்படி...? யாரு சொன்னது?"

அவர் தன் கேள்வியைத்தான் கேட்டார். "காலையில அடுப்புல அந்தத் தூளைப் போட்டியே, அப்ப வாசம் வந்துச்சா?"

"என்ன கேள்வி இது? வந்துச்சு."

"தூள் வாசமா, என் வாசமா?"

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"வாயில போட்டுப் பாத்தியா? கசந்துச்சா?"

"உப்புப் பாத்தேன். கசந்துச்சு. காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்குத் தண்ணியே கசக்குது." அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். செருப்பு கையிலிருந்து நழுவியது. "என்னங்க? என்ன போட்டோம் அவளுக்கு?"

டாக்டர் சின்ன வயதுப் பெண். பட்டைக்காரர் தட்டுத்தடுமாறிச் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். கட்டிலில் மகள் கண்ணை மூடி, பல்லைக் கடித்தபடி படுத்திருந்தாள். கையில் மருந்துநீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒரு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தது. மகளின் உடம்பு தூக்கிப் போட்டது. பட்டைக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யாருன்னாலும் அந்தச் சத்தத்துக்குத் துள்ளத்தான் செய்வாங்க" என்றாள் டாக்டர். "பத்து நாளா சாப்பாடு நிக்கலைன்னா உப்புச் சத்துக் குறைஞ்சும் கால் இழுக்கும். ஆனா நீங்க சொல்றதையும் தள்ள முடியாது. மிச்சச் சோறு இருக்கா?"

"பாத்திரம் கழுவிட்டேன்" என்றாள் மனைவி.

"அப்ப மரத்துலேருந்து பட்டையும் இலையும் கொண்டு வாங்க. என்னன்னு தெரிஞ்சா எங்களுக்குச் சுலபம். அதுவரைக்கும் நான் இங்கேயே பாத்துக்கறேன்."

பட்டைக்காரர் சட்டைப் பையில் கையை விட்டார். காலையில் மிஞ்சிய ஒரு சீவல் இருந்தது. நீட்டினார். நர்ஸ் வாங்கி மோந்தாள். "பட்டைதானே இது. நல்லா மணக்குதே."

"இல்லம்மா" என்றார் அவர். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. "இதை எடுத்து மோந்து பாரும்மா." தன் சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டை நீட்டினார். நர்ஸ் மோந்தாள். அவள் முகம் மாறியது. சீவலை மறுபடி மோந்து பார்க்க அவள் துணியவில்லை.

மனைவி வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தாள். "கையில உறையப் போட்டுக்கிட்டு அறுங்க. நீங்க தொட்டுடாதீங்க." தொட்டுடாதீங்க என்று சொன்னவள், சொன்ன கையோடு அவர் விரல்களை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் விட்டாள்.

*

மரம் அப்படியேதான் நின்றது. காலையில் அவர் சீவிய இடம் மட்டும் காய்ந்து சிவந்திருந்தது. நல்லதா கெட்டதா என்று முகத்தில் எழுதி வைக்க மரம் என்ன மனுஷனா?

பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக் கத்தியைப் பிடித்தார். புதிதாக ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. உறையோடு மூக்கருகே கொண்டு போனார். பட்டை வாசம் வந்தது. உறையை மாட்டியது எந்தக் கை? அவருடைய கை. கத்திப் பிடி? அவருடைய அடுப்படிக் கத்தி. சட்டைக் கை மணக்கிறது, மீசை மணக்கிறது, மூக்குக்குள்ளேயே இத்தனை வருஷத் தூள் அடைந்து கிடக்கிறது. உடம்பே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நிற்கிறது. இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், அவர்கள் பார்த்து, அதுவரை அவள் பல் பூட்டிக்கொண்டால்?

நாக்கு ஒன்றுதான் பாக்கி. ஆனால் அந்த நாக்குக்கும் அவர் சாப்பிட்ட ஒவ்வொரு கவளமும் இந்த விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. பட்டை வாசம் இல்லாத சோற்றை அவர் கல்யாணத்துக்கு அப்புறம் தின்றதே இல்லை.

கத்தியைக் கீழே வைத்து, உறையைத் துண்டோடு சேர்த்துக் கழற்றிப் பக்கத்தில் போட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டார். மரத்துக்குப் பக்கத்தில் போனார். கத்தி படாத, விரல் படாத ஒரு இளங்கிளை அவர் வாய் உயரத்தில் இருந்தது. எட்டியாக இருந்தால் இதுவே கடைசி. இருக்கட்டும். அவள் தின்றதை நானும் தின்கிறேன். குனிந்து, பல்லைப் பதித்துக் கடித்தார்.

பட்டை சட்டென்று பெயரவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, நாய் எலும்பை இழுக்கிற மாதிரி இழுத்துப் பிய்த்தார். முதலில் தூசும் பாசியும். மென்றார்.

கசந்தது.

கசப்பு நாக்கின் ஓரத்தில் ஏறி, தொண்டைக் குழி வரை போனது. தாடை இறுகுவது போல இருந்தது. இறுக்கிக் கடித்ததால் இறுகுகிறதா, விஷத்தால் இறுகுகிறதா? காலில் ஒரு நரம்பு துடித்தது. கொடியில் காய்ந்த துணி காற்றில் படபடத்தபோது அவர் உடம்பு தூக்கிப் போட்டது. "என் அம்மா..." என்று முனகினார். அது பெற்றவளை அழைத்ததா, மகளை அழைத்ததா என்று அவருக்கே தெரியாது. துப்பவில்லை. மென்றுகொண்டே இருந்தார். தெரிந்தாக வேண்டும்.

மென்று மென்று கசப்பு தேய்ந்தது. அதற்கு அடியிலிருந்து மெல்ல ஒரு காரம் எழுந்தது. சூடான காரம், பின்னால் ஒரு துளி இனிப்பு. அவர் அதையும் நம்பவில்லை. ஆசை எதைத்தான் நாக்கில் வைக்காது? அப்புறம்தான் வாய் வழுக்கத் தொடங்கியது. எச்சிலில் ஊறிய பட்டை கொழகொழவென்று பசையாகி, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினார், போகவில்லை. வாய்க்குள் விரல் வைக்காமல் நாக்கு நுனியால் சுரண்டினார், இன்னும் ஒட்டியது.

*இந்தக் காட்டுச் சனியன்ல கொஞ்சம் ஈரம் பட்டாப் போதும், பிசின் மாதிரி சல்லடையை அடைச்சுக்குது.*

மழை வந்தால் மில்லில் அக்காவோடு சேர்ந்து அந்தப் பசையைச் சுரண்டாத வருஷம் உண்டா? இந்த வழுவழுப்பு அவர் கை கொடுத்தது இல்லை. கைதான் பின்னால் கட்டிக் கிடக்கிறதே. இது மரம் கொடுத்தது.

பட்டைக்காரர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். வாய் நிறையப் பசை. அழவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்த தையல்காரம்மா, "அண்ணே, மரத்தையா கடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஆனாலும் பயம் விடவில்லை. கிளைகள் வேறு வேறு மரமாக இருந்தால்? ஒன்றின் மேல் ஒன்று பின்னி வளர்ந்திருந்தால்? எழுந்து, காலையில் சீவிய கிளையை அடிமரம் வரை கண்ணால் தொடர்ந்தார். ஒரே மரம்தான். கழற்றிப் போட்ட உறையைத் துண்டோடு ஒரு நீளக் குச்சியின் நுனியில் கட்டி, செத்த எலியைக் கொண்டு போவது போல உடம்புக்கு எட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் அவருக்கு இருபுறமும் இடம் காலியாக இருந்தது.

நர்ஸ் கிடுக்கியால் எடுத்து ஒடித்தாள். மோந்தாள். டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் மோந்தாள். தண்ணீரில் போட்டாள், தண்ணீர் இழை இழையாகக் கெட்டியானது. "பட்டைதான்" என்றாள். "இவங்க ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு, அதான் கால் இழுத்திருக்கு. ஏத்திக்கிட்டிருக்கோம், சரியாயிடும். ஆமா, உங்க உதட்டுல என்ன ரத்தம்?"

பட்டைக்காரர் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். மகளின் கட்டிலுக்குப் போனார். கால் இழுப்பு நின்றிருந்தது. ஆனால் பல் இன்னும் கடித்தபடிதான்.

"வாயத் தெறம்மா. அப்பாவுக்காக ஒரு தடவை தெறம்மா."

அவள் கண்ணைத் திறந்தாள். மெதுவாக வாயைத் திறந்தாள். "குமட்டிட்டே இருந்துச்சுப்பா" என்றாள். "எத்தனை நாள் கழிச்சு உள்ள போன சோறு, நீ ஊட்டுனது. வெளிய வந்துடக் கூடாதுன்னுதான் கடிச்சுக்கிட்டே இருந்தேன்."

*

வீடு திரும்பியதும் அவள் அதே சோற்றைத்தான் கேட்டாள். மனைவி கத்தியை எடுத்து நீட்டினாள். அவர் கொடியைத் தாண்டிப் போய், கத்தியைக் கீழே வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடித்துப் பார்த்து, பசை ஒட்டுகிற வரை நின்று, அதற்கப்புறம்தான் சீவினார். அடுத்த முறையும் அப்படித்தான். அதே மரம்தானே என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ராத்திரியோடு ராத்திரியாக யாராவது மாற்றி நட்டுவிட்டால் என்று அவர் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? அந்தக் கிளை முழுக்க இப்போது பல் தடம்தான். வரிசை வீட்டுக் குழந்தைகள் அங்கே ஏதோ மிருகம் வருகிறது என்று அந்தப் பக்கம் விளையாடப் போவதில்லை.

மில்லில் அக்கா மட்டும் அவரைக் கேலி செய்வதில்லை. ஊட்டுவதை அவர் அடியோடு விட்டுவிட்டார். மகள் வாயைத் திறந்து காட்டிக் கெஞ்சினாலும் கரண்டியைத்தான் எடுப்பார்.

குழந்தை பிறந்ததும் தூக்க மறுத்தார். "நான் தொட்டா அதுவும் பட்டையாயிடும். அதுக்குன்னு ஒரு வாசம் இருக்கும்ல, அது போயிடும்" என்று கதவோரம் நின்றார். மகள் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, "அப்ப தொடாம வந்து பாருப்பா" என்றாள்.

பட்டைக்காரர் வந்தார். பழக்கப்படி இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. முழங்காலில் உட்கார்ந்து, மெல்ல, மூச்சை அடக்கிக்கொண்டு, குழந்தையின் உச்சந்தலைக்கு மேல் குனிந்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி அலறினாள். "ஏங்க, பாத்துங்க! நெனப்புல கடிச்சு வெச்சிடப் போறீங்க!"